என் மகளின் மகளுக்கு

டிசம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய பெட்டி நேற்று சாயங்காலம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து பிரித்தேன். எனக்குப் போர்வை, குட்டிக்கு மஞ்சள் ஸ்வெட்டர். இரண்டும் நீ எடுத்தது என்று சொல்லாமலே தெரிகிறது. மஞ்சளைக் கண்டால் உனக்கு வேறெதுவும் கண்ணில் படாது.

ஆனால் போர்வையில் கட்டியிருந்த அந்த டேக்!

வருஷா வருஷம் விடுமுறைப் பரிசோடு உன் கட்டிங் மெஷினில் ஏதாவது டேக் வெட்டி அனுப்புவாய். நட்சத்திரம், பறவை, வீடு. இதுவும் அப்படித்தான் என்று திருப்பிப் பார்த்தேன். "என் மகளுக்கு, அன்புடன், அம்மா." அம்மாவின் எழுத்து. தொப்பை வைத்த அந்த 'ம'வை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ஆறு வருஷம் ஆகிறது அக்கா. நான் கல்யாணம் செய்துகொண்ட வாரத்தில் ஒரு கடிதம் எழுதி என்னைத் தலைமுழுகினாள். அதற்குப் பிறகு போனில் என் குரல் கேட்டாலே வைத்துவிடுவாள். உன் போன் மணி அடித்தால் யார் என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பாள். அதனால்தானே நீயும் நானும் உன் பள்ளிக்கூட ஆபீஸ் முகவரிக்குக் கடிதம் போட்டு, கள்ளக்காதலர்கள் மாதிரி அக்கா தங்கையாக இருக்கிறோம்? அப்படிப்பட்டவள் எழுதியிருக்கிறாள். 'மகள்' என்று எழுதியிருக்கிறாள்.

இவரிடம் காட்டினேன். டேக்கைக் கையில் வாங்குவதற்கு முன்னால் எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார். "சாக்கடை லாரி ஓட்டுகிறவன் கை" என்று அம்மா எழுதிய ஒரு வார்த்தைக்கு இந்த மனுஷன் இன்னும் கை கழுவிக்கொண்டிருக்கிறார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் அழுகை.

எழுத்து ரொம்ப நடுங்கியிருக்கிறது. அவ்வளவு வயசாகிவிட்டதா அவளுக்கு? பேனாவை அவளே கேட்டு வாங்கினாளா? என்ன சொல்லிக்கொண்டு எழுதினாள்? ஒன்று விடாமல் எழுது. ஜனவரியில் எனக்கு நாலு நாள் லீவு இருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் வரலாமா என்று கேட்டுச் சொல்.

டேக்கை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறேன். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு தடவை படித்துக்கொள்கிறேன்.

உன்
வாலு


டிசம்பர் 22

என் வாலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அழாதே. குட்டிக்கு ஸ்வெட்டர் அளவு சரியாக இருக்கிறதா என்று ஒரு வரி எழுதமாட்டாயா? இரண்டு கடை ஏறி இறங்கினேன்.

ஜனவரியில் இப்போதைக்கு வராதே. அம்மாவுக்கு முட்டி வலி அதிகமாகிவிட்டது, மனசும் ஒரு நிலையில் இல்லை. கொஞ்சம் பொறு. அண்ணன் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை வருகிறான், ஒரு மணி நேரம் உட்காருகிறான், "உடம்பைப் பார்த்துக்கோம்மா" என்கிறான், போய்விடுகிறான். உடம்பைப் பார்ப்பது யார் என்று அவன் கேட்டதில்லை.

இங்கே எனக்கு மூச்சு விட நேரமில்லை. பரிசுக் கடைக்காரி இந்த விடுமுறைக்கு நானூறு டேக் கேட்டுவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தால் முதுகு கழன்றுவிடுகிறது. இந்த வருஷம் எண்ணெய்த்தாள் மாதிரி மெல்லிசான தாள்தான் வேண்டுமாம். பிளேடு கொஞ்சம் ஆழமாக இறங்கினால் கிழிகிறது, இறங்காவிட்டால் தாளை ஒட்டி வைக்கிற பசை விரிப்பிலிருந்து வர மறுக்கிறது. விரிப்பிலிருந்து உரித்து எடுப்பது அம்மாவின் வேலை. உட்கார்ந்த இடத்தில் செய்யலாம் என்பதால் கொடுத்தேன். தையல் ஊசி பிடித்த கை இல்லையா, ஒரு முனைகூட மடங்காமல் எடுக்கிறாள். உரித்து, ஓட்டையில் நூல் கோத்து, முடிச்சும் போட்டுவிடுகிறாள்.

நீ கேட்டதற்குப் பதில்: எழுத்து அம்மாவுடையதுதான். அதற்கு மேல் இப்போது எதுவும் கேட்காதே. நல்லதை நல்லதாக வைத்துக்கொள்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். குட்டிக்கு முத்தம்.

அக்கா


டிசம்பர் 28

அக்கா,

நல்லதை நல்லதாக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன். நீ விடவில்லை.

பெட்டி பிரித்த அன்றைக்கே குட்டி தன் ஸ்வெட்டரில் இருந்த டேக்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள். கதைப் புத்தகத்துக்குள் அடையாளம் வைத்திருந்தாள். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். நேற்றுக் காலையில் கொண்டுவந்து நீட்டி, "அம்மா, பேத்திக்குன்னு ஏன் போடல?" என்றாள். வாங்கிப் பார்த்தேன். "என் மகளின் மகளுக்கு, அன்புடன், அம்மா."

எந்தப் பாட்டி அப்படி எழுதுவாள்? ஐந்து வயசுப் பிள்ளைக்குத் தோன்றியது எனக்குத் தோன்ற ஒரு நிமிஷம் பிடித்தது.

இரண்டு டேக்கையும் பையில் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போனேன். நான் என்ன வேலை செய்கிறேன் என்று மறந்துவிட்டாயா? பத்து வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறேன். பழைய படத்தையும் புதிய படத்தையும் வெளிச்சப் பெட்டியில் மாட்டி, எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று பார்ப்பது எனக்குப் பல் தேய்ப்பது மாதிரி. கடைசி நோயாளி போனதும் உன் மெல்லிசுத் தாள்கள் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து விளக்கைப் போட்டேன். "மகளுக்கு" மேல் "மகளுக்கு". மயிரிழை பிசகவில்லை. 'க்' புள்ளி விலகிய இடத்தில் விலகியிருக்கிறது. 'கு' சுழியில் நடுங்கிய இடத்திலேயே நடுங்கியிருக்கிறது.

நடுங்குகிற கை இரண்டு தடவை ஒரே இடத்தில் நடுங்காது அக்கா.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மெஷினுக்கு எழுத்து எங்கிருந்து கிடைத்தது என்று யோசித்தேன். வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்து அம்மாவின் அந்தக் கடிதத்தை எடுத்தேன். ஆறு வருஷமாக எடுக்காதது. ஜன்னல் கண்ணாடியில் வைத்து டேக்கை அதன் மேல் வைத்தேன்.

"என் மகளுக்கு இனி இந்த வீட்டில் இடமில்லை." இதிலிருந்து இரண்டு வார்த்தை.

"அன்புடன் வளர்த்த என் முகத்தில் சாக்கடை லாரி ஓட்டுகிறவன் கையால் சேறு பூசிவிட்டாய்." இதிலிருந்து ஒரு வார்த்தை.

"என் மகளின் பெயரை இனி யாரும் என் காதுபடச் சொல்லக் கூடாது." இதிலிருந்து ஒன்று.

கடைசியில் "அம்மா."

பேத்தி என்ற வார்த்தை அதில் இல்லை. இல்லாததால் உனக்குக் கிடைக்கவில்லை. இருந்ததை வைத்து ஒட்டுப் போட்டிருக்கிறாய்.

பத்து நாளாக நான் ஃபிரிட்ஜ் கதவில் வைத்துப் படித்தது அந்தக் கடிதத்தை. வயசான கை நடுங்கியிருக்கிறது என்று நினைத்து அழுதேனே, அது வயசு இல்லை, என் மேல் இருந்த கோபம். இவரைத் திட்டிய வரியிலிருந்து 'அன்புடன்' என்பதைப் பிடுங்கி எனக்குக் கட்டியிருக்கிறாய். அதை வாங்க இவர் கை கழுவிக்கொண்டு வந்தார்!

போனில் பேசினால் நீ அழுவாய். நீ அழுதால் நான் இறங்கிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். ஏன் செய்தாய்? என்னைப் பார்த்தால் அவ்வளவு பிச்சைக்காரியாகவா தெரிகிறது?

கையெழுத்துப் போடவில்லை. வேண்டுமானால் மெஷினில் போட்டுக்கொள்.


ஜனவரி 3

அடியே,

ஆமாம், நான்தான் செய்தேன். அந்தக் கடிதத்தை உனக்கு அனுப்புவதற்கு முன்னால் அண்ணனுக்குக் காட்ட வேண்டும் என்று அம்மா என்னைத்தான் நகல் எடுத்துவரச் சொன்னாள். பள்ளிக்கூட மெஷினில் எடுத்தேன். ஒன்று என் மேஜையிலேயே தங்கிவிட்டது. போன மாதம் பரிசுக் கடைக்காரி, "கையால எழுதின மாதிரி இருக்கணும், கொஞ்சம் நடுங்கினாப்ல இருந்தா ஜனங்களுக்குப் பிடிக்குது" என்றாள். மெஷினில் பிளேடுக்குப் பக்கத்தில் பேனா மாட்ட ஓர் இடம் உண்டு. எந்த எழுத்தைக் காட்டினாலும் அதே மாதிரி எழுதும். யாரோ முகம் தெரியாத கிழவியின் எழுத்தை நானூறு தடவை எழுதவைத்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது: என் தங்கைக்கு இரண்டே இரண்டு.

ஏன் என்று கேட்கிறாயே. வருஷா வருஷம் "அம்மா ஏதாவது சொன்னாளா" என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டது யார்? சொல்லவில்லை, சொல்லவில்லை என்று எழுதி எழுதி என் கை ஓய்ந்துபோனது. ஒரு வருஷம் வேறு பதில் எழுதிப் பார்த்தேன். அது குற்றமா?

நீ ஒரு சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு போனாய். நான் அம்மாவைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். நிஜமாகவே தூக்குகிறேன், குளியலறைக்கும் கட்டிலுக்கும். என்னைப் பார்க்க வந்த இரண்டு இடம், "தங்கச்சி எங்க இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் காபியை வைத்துவிட்டுப் போனது. உன்னால்தான் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று ஊரே சொல்கிறது. நான் ஒரு நாள் சொன்னதுண்டா? சொல்லமாட்டேன். ஏனென்றால் அது பொய். அந்த மாதிரி ஆட்களிடமிருந்து நீ என்னைக் காப்பாற்றினாய். ஆனால் காப்பாற்றிவிட்டு நீ போய்விட்டாய்டி.

உனக்கு இன்னொன்றும் சொல்கிறேன். அக்டோபரில் நம் சந்துக் குழாய் அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. மாப்பிள்ளை மாதிரி ஒருவர்தான் லாரியோடு வந்து, மார்பளவு இறங்கி எடுத்துவிட்டார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். அம்மா பிளாஸ்டிக் டம்ளரில் கொடுத்தாள். அவர் போனதும், "அதைத் தூக்கிக் குப்பையில போடு" என்றாள். நான் போட்டேன். ஒரு வார்த்தை பேசாமல் போட்டேன். அன்றைக்கு உன் வீட்டுக்காரர் முகம் ஞாபகம் வந்தது. டேக் வெட்டியது அதற்கும் சேர்த்துத்தான் என்று வைத்துக்கொள்.

ஒன்று மறைத்துவிட்டேன். அந்த இரண்டையும் தனியாக வெட்டாமல் கடை டேக்குகளோடு கலந்து வெட்டியது என் முட்டாள்தனம். நான் அடுப்பைப் பார்க்கப் போன நேரத்தில் அம்மா விரிப்பை உரிக்க எடுத்துவிட்டாள். திரும்பி வந்தபோது அவள் கையில் உன் டேக். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யார் எழுத்துடி?"

"மெஷின் எழுதினதும்மா."

"மெஷினுக்கு எதுக்கு இவ்ளோ நடுக்கம்?"

உன்னுடையதையும் குட்டியுடையதையும் தனியாக எடுத்து நூல் கோத்து முடிச்சுப் போட்டு, என் பக்கம் தள்ளி வைத்தாள். கிழித்துப் போட்டிருக்கலாம், போடவில்லை. அதை நீ எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

அக்கா


ஜனவரி 9

அக்கா,

பெட்டி வந்த அன்றைக்கு அந்த முடிச்சை என்னால் அவிழ்க்க முடியவில்லை. கத்தரியால் வெட்டித்தான் எடுத்தேன். இப்போது தெரிகிறது யார் போட்டது என்று.

முடிச்சுப் போட்டாள், கிழிக்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. இதையெல்லாம் அன்பு என்று நான் எடுத்துக்கொள்ள வேண்டுமா? நம் வீட்டில் பெண்பிள்ளைகளுக்கு எப்போதும் இதுதான். அண்ணனுக்கு வாய்விட்டுப் பேச்சு, நமக்கு முடிச்சு, பெருமூச்சு, தட்டு நகர்த்துகிற சத்தம். நாம் அதை ஜோசியம் பார்த்து அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டும். எனக்குச் சலித்துவிட்டது. அவளுக்கு வாய் இருக்கிறது. என்னைத் துரத்த இரண்டு பக்கம் எழுதியவளுக்கு எழுதவும் தெரியும்.

டம்ளர் விஷயத்தை இவரிடம் சொல்லவில்லை. சொன்னால், "எல்லா வீட்லயும் அப்படித்தான், இதுல என்ன இருக்கு" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியாது. நீ குப்பையில் போட்டதை இத்தனை மாதம் கழித்தாவது எனக்கு எழுதினாயே, அதற்காக உன்மேல் பாதிக் கோபத்தைக் குறைத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி இருக்கும்.

என்னால்தான் நீ அங்கே மாட்டிக்கொண்டாய் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தால் எழுதியிருப்பேன்.

இத்துடன் ஆறு வெற்று டேக் வைத்திருக்கிறேன். கத்தரியால் நானே வெட்டியது, மூலையெல்லாம் கோணல், உனக்குப் பார்க்கச் சகிக்காது. என் கடிதங்களை முதலிலிருந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. எதையும் விடாதே, உன்னைத் திட்டியதையும் அவளைத் திட்டியதையும். பிறகு பேனாவைக் கொடு. திட்டட்டும், சாபம் விடட்டும். அவள் கையால் இருந்தால் போதும்.

ஜனவரி 25 ஞாயிறு. பகல் பதினொரு மணிக்கு நாங்கள் மூன்று பேரும் வாசலில் வந்து நிற்கிறோம். அண்ணன் இருக்கட்டும். அக்கம்பக்கம் பார்க்கட்டும். கதவைச் சாத்துவதாக இருந்தால் மூன்று முகத்தையும் பார்த்துச் சாத்தட்டும். வேண்டாம் என்றால் அதையும் அவளே எழுதட்டும்.

தங்கை


ஜனவரி 17

வாலு,

எல்லாவற்றையும் வாசித்தேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, கதவைத் தாழ் போட்டுவிட்டு வாசித்தேன். இத்தனை வருஷம் ஆபீஸ் முகவரியில் கடிதம் வருவது அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். "ஸ்டாம்பு ஒட்ட நாக்கால நக்கிட்டு வந்து எங்கூடப் பேசும்போது எனக்குத் தெரியாதா?" என்றாள். டம்ளர் வந்த இடத்தில் நான் நிறுத்தினேன். "வாசி" என்றாள். வாசித்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

முடிந்ததும் மெஷினை மேஜையிலிருந்து எடுக்கச் சொன்னாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று டேக்கை எழுதிக் கசக்கினாள், என்னைப் பார்க்க விடவில்லை. நாலாவதை என்னிடம் கொடுத்தாள். இத்துடன் இருக்கிறது.

படித்துவிட்டேன். படித்ததும், "அம்மா, குட்டியையாவது கூட்டிட்டு வரச் சொல்றேனே" என்றேன்.

"அவ அப்பன் ஜாடையா இருந்தா?" என்றாள்.

நீ போட்டோ அனுப்பியிருக்கிறாய். அச்சு அசல் அவள் அப்பாதான்.

கோபப்படாதே, நிதானமாக யோசி. ஆறு வருஷத்தில் ஒரு படி இறங்கியிருக்கிறாள். இன்று இது, நாளைக்கு இன்னொன்று. தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் கல்லைத் துளைக்கும். உன்னைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறதுடி. பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. உன் தலையில் நரை வந்திருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. எனக்காக வந்துவிட்டுப் போ.

அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

டேக் வந்தது. "ஞாயிறு வேண்டாம், அண்ணன் வருவான். சனிக்கிழமை வா. தனியாக வா. அம்மா."

இந்தத் தடவை சோதனை எதுவும் தேவைப்படவில்லை. 'வா' இரண்டு இடத்தில் வருகிறது, இரண்டும் வேறு வேறு மாதிரி. அவள் கைதான். ஆனாலும் பழக்கதோஷம், வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். ஒரு கோடு நடுங்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் என்னைத் துரத்தும்போது நடுங்கிய கை, இவரை வாசலுக்கு வெளியே நிறுத்தும்போது நடுங்கவில்லை. அவள் எழுத்துதான் வேண்டும் என்று கேட்டேன். கொடுத்துவிட்டாள். உன் மெஷின் எழுதியதைவிட இது எவ்வளவோ மேல், குறை சொல்லமாட்டேன்.

இவரிடம் படிக்கக் கொடுத்தேன். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். வழக்கம்போலக் கை கழுவ எழுந்தார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "இப்படியே படிங்க" என்றேன். லாரி கிரீஸ் கையோடேயே வாங்கிப் படித்தார். படித்துவிட்டு, "போயிட்டு வா. வயசானவங்க. நான் குட்டியைப் பார்த்துக்கறேன்" என்றார். அக்கா, நம் வீட்டில் யாராவது ஒருத்தர் இந்த மனுஷனைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறோமா?

நான் வரப்போவதில்லை. சனிக்கிழமையும் இல்லை, ஞாயிறும் இல்லை. வாசலில் வந்து நிற்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் குட்டி நிமிர்ந்து பார்க்கிற பிள்ளை. அவள் முகத்தில் யார் ஜாடை என்று தேடுகிற கண்ணுக்கு முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்தமாட்டேன்.

சொட்டுச் சொட்டாகக் கல்லைத் துளைக்கலாம் என்கிறாய். துளைக்கட்டும். அதற்குத் தண்ணீராக என் புருஷனையும் பிள்ளையையும் ஊற்ற என்னால் முடியாது.

அம்மாவின் டேக்கைத் திருப்பி அனுப்புகிறேன். ஓரத்தில் கறுப்பாக இருப்பது இவருடைய கட்டைவிரல் ரேகை. துடைக்கவில்லை. நீயும் துடைக்காமல் கொடு. அவள் எழுதியதற்குக் கீழே "மாட்டேன்" என்று எழுதியிருக்கிறேன். என் கை நடுங்கியிருக்கிறது, வெட்கப்படவில்லை.

உன் மேல் இருந்த மீதிப் பாதிக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. இரண்டு டேக்குகளில் குட்டியுடையது அவள் கதைப் புத்தகத்திலேயே இருக்கிறது. "இது பெரியம்மா செஞ்சது" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது உண்மைதானே?

ஸ்வெட்டர் அளவு சரியாக இருக்கிறது. கை மட்டும் அரை அங்குலம் நீளம். வளர்ந்துவிடுவாள்.

நீ வா அக்கா. நரை வந்திருக்கிறது, நேரில் பார்த்துக்கொள். பள்ளிக்கூட லீவில் வா, ஞாயிற்றுக்கிழமை வா, சொல்லாமல் வா. உன்னோடு யாரை வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு வா. அம்மா வருகிறேன் என்றால் அம்மாவையும் கூட்டி வா. லாரிக்காரர் வீட்டில் டம்ளர் எவர்சில்வர்தான், கழுவி மறுபடி அடுக்கிவிடுவோம். எங்கள் வாசலில் யாரையும் தனியாக வா என்று சொல்வதில்லை.

உன்
வாலு